மட்காட்டுக்குள் கல்லுப்பு

பயணிகளை ஏற்றி ஓடும் வானைச் சோதித்த மெக்கானிக், இடது முன்சில்லுக்கு மேலே சேறு தெறிக்காமல் மூடியிருக்கும் மட்காட்டுக்குள் ஸ்குரூ ட்ரைவரை விட்டு ஒரு குத்துக் குத்தினான். தகரத்தில் முட்டி நிற்க வேண்டிய அந்தச் சாமான், பழுத்த பப்பாசிக்குள் கத்தி இறங்குவதைப் போலக் கைப்பிடி வரைக்கும் இறங்கிப் போனது. வெளியே இழுத்தபோது கூடவே ஒரு கை நிறையச் சிவப்புத் துருவாகக் கறள் கொட்டியது. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினான். இந்த நிலையில் இந்த வானில் சவாரிக்கு ஒரு பயணியையும் ஏற்றக் கூடாது, நேரே திருத்துகிற இடத்துக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டு, சோதனைக் கடுதாசியில் தவறிவிட்டதாக எழுதிக் கொடுத்தான்.

வான்காரன் கபிலன் கடுதாசியை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கத்தினால் பெண்சாதி ரஞ்சினி அவ்வளவாகப் பயப்பட மாட்டாள். கத்துகிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் தொண்டை வறண்டுவிடும். புருசன் பேசாமல் இருந்தால்தான் அவளுக்குப் பயம். கடைசி நாலு வருடக் குடித்தனத்தில் அவள் படித்த பாடம் அது.

சனிக்கிழமை காலை. மகள் வினுஷாவைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு இருவரும் நேரே சோதனைக்கு வந்திருந்தார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் பனிக்காலச் சவாரி தொடங்கிவிடும். மெல்பேர்ணிலிருந்து குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பனிமலைக்குப் போய்வருவதுதான் குளிர்காலம் முழுவதும் கபிலனின் தொழில். மலைப் பாதையில் உறைபனி உருகட்டும் என்று உப்பை வாரி இறைத்திருப்பார்கள். அந்த உப்புத் தண்ணீர் சில்லிலிருந்து தெறித்து மட்காட்டின் உட்பக்கம் எல்லாம் அப்பிக்கொள்ளும். அதனால்தான் நாலு வருடத்துக்கு முன்பு வானை வாங்கிய கையோடு ட்ருகனினாவில் இருக்கும் கேதீஸ்வரனின் பட்டறைக்குக் கொண்டுபோய், அடிப்பக்கம் முழுவதும் கறள் பிடிக்காத கறுப்புப் பூச்சு அடிப்பித்தான்.

"பத்து வருசத்துக்கு ஒண்டும் நடக்காது எண்டவன்," என்றான் கபிலன், வான் பெரிய வீதியில் ஏறியபிறகு. குரல் உயரவில்லை. "நாலு வருசத்திலை ஓட்டை. என்னைப் பேயன் எண்டு நினைச்சிட்டான் போலை."

"கேட்டுப் பாப்பமே. அவர் நல்ல மனுசன்தானே."

"உனக்கு உலகத்திலை எல்லாரும் நல்ல மனுசர். வீட்டிலை இருக்கிறவன் மட்டும்தான் கெட்டவன், என்ன?"

ரஞ்சினி காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள். காலுக்குக் கீழே, அவளுடைய பக்கத்து மட்காட்டுத் தகரம் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் அவளுடைய நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. ஏனென்றால் அந்த மட்காட்டைத் தின்றது மலைப்பாதை உப்பு இல்லை. கேதீஸ்வரனின் பூச்சும் பிழையில்லை. அதைத் தின்றது அவள் வைத்த உப்பு.

இதை முதலிலிருந்தே சொல்லிவிட வேண்டும். வான் வந்த அன்று டார்னெய்டில் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்குச் சனம் வந்து குவிந்தது. ஆட்டிறைச்சியும் புட்டும் தின்றுவிட்டு, எண்ணெய்க் கையாலேயே வானைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். "கபிலனுக்கு அடிச்சதடா யோகம்!" என்று ஒருவர் சொல்ல, எல்லாருமாகச் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள். கபிலன் வானைப் பின்பக்கமாக எடுத்தபோது குப்பைத் தொட்டியை இடித்த கதையைச் சொல்லி ரஞ்சினி சிரித்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். சனம் போய்க் கதவு சாத்தியதும், குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவளின் கன்னத்தில் விழுந்தது முதல் அடி. எட்டு வருடம் கைநீட்டாத மனுசன் வான் வந்த நாளில் கைநீட்டினால் அவள் என்னத்தை நினைப்பாள்? நாவூறு என்று நினைத்தாள். ஊர்ச் சனத்தின் கண் பட்டுவிட்டது என்று நினைத்தாள். சனத்தின் கண்ணாம்! அடித்தது சனமா? ஆனால் அடி வாங்கிய பெண்சாதிக்குப் புருசனைக் குற்றம் சொல்வதைவிடக் கண்ணூறைக் குற்றம் சொல்வது லேசாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கல்லுப்பும் கடுகும் மூன்று செத்தல் மிளகாயும் எடுத்து வானை மூன்று சுற்றுச் சுற்றி, அடுப்பில் போட்டு எரித்தாள். குசினியில் இருந்த புகை மணி வீடே இடிந்து விழுகிறமாதிரிக் கத்தியது. அதற்கும் ஒரு அடி. சந்தியில் கொண்டுபோய்ப் போடலாம் என்றால் எதிர்வீட்டு வாசல் கமரா பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. மட்காட்டின் உள்ளே, தகரத்தில் சேறு படாமல் ஒரு பிளாஸ்ரிக் மறைப்பு இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு பொத்தானைப் பிடுங்கினால் கை நுழைகிற இடைவெளி. கபிலன் இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தைக் கிழித்து, உப்பையும் செத்தலையும் முடிச்சாகக் கட்டி, பூச்சு உராயும்வரை உள்ளே தள்ளித் தள்ளி வைத்தாள். அமாவாசைக்கு அமாவாசை ஒரு முடிச்சு. பழையதை எடுப்பதில்லை, மேலே புதியதை வைப்பாள். அடி நின்றதா? எங்கே நின்றது! அடி கூடக் கூட அவள் உப்பைக் கூட்டினாள்.

இப்போது அந்த மறைப்பைக் கழற்றினால் எல்லாம் தெரிந்துவிடும். வாயைத் திறந்து சொன்னால் அடி தனக்கு. சொல்லாவிட்டால் அடி கேதீஸ்வரனுக்கு. பட்டறை வாசலில் வான் திரும்பும்வரை ரஞ்சினி இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள். தன்னால் சொல்ல முடியாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதை நினைக்க அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

கேதீஸ்வரனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாகனங்களின் அடிப்பக்கத்தைத் தவிர வேறு எதிலும் அக்கறையில்லாத மனுசன். ஈரத் தகரத்தில் பூச்சு அடிக்கவே மாட்டார். சுடுதண்ணீரால் கழுவி, காற்றாடி வைத்து இரண்டு நாள் காயவிட்டு, மட்காட்டின் மூலை முடுக்கெல்லாம் படம் பிடித்து வைத்துவிட்டுத்தான் பூச்சுத் துவக்கைத் தொடுவார். கையில் பிடிக்கிற அந்தத் தெளிப்பானுக்குத் துப்பாக்கி மாதிரி விசை இருப்பதால், பட்டறையில் துவக்கு என்றுதான் பெயர். வருடத்துக்கு ஒருதரம் கொண்டுவந்து காட்டச் சொல்லுவார். இரண்டு நாள் சவாரி போய்விடும் என்று கபிலன் ஒருமுறைகூடக் காட்டவில்லை.

அன்று அவர் வேறொரு காருக்குப் பூச்சு அடிக்க ஆயத்தமாக நின்றார். காற்று அடைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. துவக்கு நிறையக் கறுப்புப் பூச்சோடு சுவர்க் கொளுவியில் தொங்கியது. அடுத்த பட்டறையில் தகர வேலை செய்யும் ரிஃபாஸ் தேநீர்க் கோப்பையோடு வந்து கதைத்துக்கொண்டு நின்றான்.

கபிலன் இறங்குவதற்கு முன்னால் தன் கைத்தொலைபேசியை ரஞ்சினியின் மடியில் போட்டான்.

"வீடியோ எடு. நான் சொல்லுமட்டும் நிப்பாட்டக் கூடாது. இவன்ரை வண்டவாளத்தை எல்லா வாட்ஸ்அப் குறூப்புக்கும் அனுப்புறன். இனி ஒரு தமிழனும் இவனிட்டை வரக் கூடாது."

"ஏன் இதெல்லாம்? முதல்லை கதைச்சு…"

"எடு எண்டால் எடு."

எடுத்தாள். சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்று திரையில் மினுங்கத் தொடங்கியது. இறங்கி, வானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போனை நெஞ்சு உயரத்தில் பிடித்தாள்.

கேதீஸ்வரன் சிரித்த முகத்தோடுதான் வந்தார். "வாங்கோ தம்பி, வாங்கோ பிள்ளை. கனகாலம். இப்பத்தான் என்ரை நினைவு வந்ததே?"

கபிலன் சோதனைக் கடுதாசியை எடுத்து அவருடைய முகத்தில் எறிந்தான். "வாசி."

அவர் குனிந்து பொறுக்கினார். கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார். சிரிப்புப் போய்விட்டது. "இடது முன்பக்கமோ? அங்கை இப்பிடி வரக் கூடாதே. அந்த மூலைக்கு நான் ரெண்டுதரம் அடிச்சனான், படமும் இருக்கு. இந்தப் பிளாஸ்ரிக்கைக் கழட்டிப் பாப்பம். என்ன நடந்ததெண்டு உடனை தெரிஞ்சிடும்."

"வேண்டாம் அண்ணை," என்றாள் ரஞ்சினி. அது அவளை அறியாமல் வந்த சொல். இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "இல்லை… நேரம் போட்டுது. பள்ளிக்கூடம் விட்டிடும்."

"நீ பொத்திக்கொண்டு எடு," என்றான் கபிலன்.

கேதீஸ்வரன் சில்லுக்குப் பக்கத்தில் முழங்கால் மடித்துக் குந்தி முதல் பொத்தானைப் பிடுங்கினார். அப்போதுதான் கபிலன் அவரைப் பிடரியில் பிடித்து முன்னால் தள்ளினான். அவருடைய நெற்றி மட்காட்டின் விளிம்பில் மோதியது. கண்ணாடி கழன்று விழுந்தது.

"கழட்டிப்போட்டு உள்ளுக்கை என்னத்தை மறைக்கப் போறாய்? ஆ? களவாணி நாய்! கமராவைப் பாத்துச் சொல்லு. 'பூச்சு அடிக்காமலே அடிச்சனான் எண்டு ஏமாத்தினனான்' எண்டு சொல்லு!"

"தம்பி, விசர்வேலை பாக்காதையும். நான் அடிச்சனான்."

கபிலன் கன்னத்தைப் பொத்தி ஓர் அறை விட்டான். அந்தச் சத்தம் ரஞ்சினிக்குப் பழக்கமான சத்தம். வெளியிலிருந்து அதைக் கேட்பது அவளுக்கு அதுதான் முதல்தடவை. அட கடவுளே, இவ்வளவு பெலமாகவா கேட்கும்? பக்கத்து வீட்டுக்காரர் இத்தனை நாளும் என்ன நினைத்திருப்பார்கள் என்று அந்த இடத்திலும் அவளுடைய மனம் போனது.

ரிஃபாஸ் தேநீரைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். இளந்தாரிப் பெடியன் இல்லை, நாற்பது வயசு, பார்த்தால் ஆள் பெருப்பம். "டேய், வயசு போன மனுசனிலை கை வைக்கிறியே? விடடா அவரை!" என்று கபிலனின் இடுப்பைக் கட்டி இழுத்தான். கபிலன் முழங்கையைப் பின்னால் வீசினான். அது ரிஃபாஸின் மூக்கில் இறங்கியது. இரத்தம் தாடிக்குள் ஓடியது. அவன் தள்ளாடிய நேரத்துக்குள் கபிலன் நிலத்தில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்துவிட்டான். கை நீளத்துக்கு இரும்பு. ரிஃபாஸின் முழங்காலில் ஒன்று போட்டான். ரிஃபாஸ் "உம்மா!" என்று அலறிக்கொண்டு கொங்கிறீற்றில் சரிந்தான்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ரஞ்சினியின் விரல் போனை விடவில்லை. சொன்னதைச் செய்யப் பழகிய கை அது.

கேதீஸ்வரன் ஒரு கையால் மட்காட்டைப் பிடித்துக்கொண்டு எழும்ப முயன்றார். "பொறும் தம்பி. ஒரு நிமிசம் பொறும். கழட்டினால் தெரியும், நான் பொய் சொல்லேல்லை…" மனுசனுக்கு அப்போதும் மட்காட்டின் நினைப்புத்தான். தன் தொழிலில் பிழையில்லை என்று காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். பாவம்.

கபிலன் ஸ்பேனரை ஓங்கி அந்தக் கையில் இறக்கினான்.

எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த சுள்ளி முறிவதுபோல இருந்தது. அவர் கத்தக்கூட இல்லை. வாயைத் திறந்தார், மூச்சு மட்டும் வந்தது. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சில்லில் சாய்ந்து இருந்தார். பூச்சுத் துவக்குப் பிடிக்கிற வலது கை. நடுவிரலும் மோதிர விரலும் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன.

"சொல்லு! ஏமாத்தினனான் எண்டு சொல்லு! இல்லாட்டி அடுத்தது மண்டையிலை!"

ஸ்பேனர் மறுபடியும் மேலே போனது. கேதீஸ்வரன் தலையைக் குனிந்து, முறிந்த கையாலேயே தலையை மறைக்கப் பார்த்தார். ரஞ்சினிக்கு அந்தக் குனிவு தெரியும். குசினி மூலையில், குளியலறைக் கதவுக்குப் பின்னால், கராஜுக்குள், அவளும் அப்படித்தான் குனிவாள். இப்போது பேசாமல் நின்றால் இந்த மனுசன் செத்துவிடுவார். செத்தால் அது தன்னுடைய உப்பினால் செத்த சாவு.

"நான்தான் வைச்சனான்!"

கபிலனின் கை ஓங்கியபடியே நின்றது.

"அவரை விடுங்கோ. அவரின்ரை பூச்சிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் அதுக்குள்ளை உப்பு வைச்சனான்."

"என்ன உப்பு?"

"கழட்டிப் பாருங்கோ."

கபிலன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து, கேதீஸ்வரனைக் காலால் ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, ஸ்பேனரின் நுனியை பிளாஸ்ரிக் மறைப்புக்குள் விட்டு நெம்பினான். பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. மறைப்புப் பாதியில் கிழிந்து தொங்கியது. உள்ளே இருந்தது முழுவதும் அவன் சப்பாத்தின்மேல் கொட்டியது. பழுப்பு நிறத்தில் உப்புச் சேறு. அதற்குள் ஊறிப்போன துணி முடிச்சுகள், அவனுடைய பழைய நீலச் சாரத்தின் துண்டுகள். செத்தல் மிளகாய்த் தோல்கள், காம்புகள், கடுகு. தண்ணீர் வடிகிற துவாரத்தை முடிச்சுகள் அடைத்திருந்தன. நாலு குளிர்காலத்துத் தண்ணீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு, வெளியே போக வழியில்லாமல் அந்த மூலையிலேயே நின்று, தகரத்தைத் தின்றிருந்தது. மற்ற இடமெல்லாம் கேதீஸ்வரனின் பூச்சு அன்று அடித்ததுபோலக் கறுப்பாக மினுங்கியது.

நிலத்தில் இருந்தபடியே அவர் அதைப் பார்த்தார். "சொன்னனான்தானே," என்றார், மெல்ல. "மற்றப் பக்கம் பாருங்கோ, ஒரு கீறல் இல்லை."

"என்னடி இது?" என்று கேட்டான் கபிலன்.

"கல்லுப்பு. செத்தல். நாவூறு கழிக்க."

"ஆருக்கு நாவூறு?"

"உங்களுக்கு." தொடங்கியது தொடங்கியாகிவிட்டது. "வான் வந்த நாளிலையிருந்துதான் நீங்கள் எனக்கு அடிக்கத் தொடங்கினீங்கள். கண் பட்டதாக்கும் எண்டு நினைச்சன். நீங்கள் அடிக்காமல் இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு அமாவாசையும் வைச்சனான்."

சொல்லிவிட்டாள். இரண்டு அந்நிய ஆண்களுக்கு முன்னால், பட்டப்பகலில், பட்டறைக் கதவு ஆவென்று திறந்திருக்க, சொல்லியேவிட்டாள். சொன்னதும் நெஞ்சு காலியானதுபோல இருந்தது. பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வெட்கம் போய்விட்டது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

கபிலனின் முகத்தில் இரத்தம் ஏறியது. வீட்டில் என்றால் முதலில் யன்னலைச் சாத்துவான், பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவான், அதன்பிறகுதான் கிட்ட வருவான். வெளியில் அவன் மரியாதையான மனுசன். கோயில் திருவிழாவுக்கு வாகனம் விடுகிறவன், கிழவிகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குகிறவன். அந்த முகத்தை அவள் உரித்துவிட்டாள்.

"எடியே, என்ன சொன்னனி? ஆக்களுக்கு முன்னாலை என்னடி சொன்னனி?"

நாலு எட்டில் வந்தான். இடது கையால் வாயைப் பொத்தி ஓர் அடி. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. தலை வானின் கதவில் போய் மோதியது. காது கூவென்று கூவியது. போன் மட்டும் கையிலேயே இருந்தது.

"பாவி, விடடா அவளை!" என்று கேதீஸ்வரன் கத்தினார். ரிஃபாஸ் முழங்காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்தான், எட்டவில்லை.

கபிலன் ஸ்பேனரைத் தூக்கினான். இத்தனை வருடத்தில் அவன் கையால்தான் அடித்திருக்கிறான், ஒருமுறை இடுப்புப் பட்டியால். இரும்பை அவளுக்கு ஓங்கியது இதுதான் முதல்தடவை. ரஞ்சினி வானை விட்டு விலகிப் பின்னால் நகர்ந்தாள். முதுகு கொளுவியில் முட்டியது. துவக்கின் குளிர்ந்த பிடி அவளுடைய மற்றக் கையில் தட்டுப்பட்டது. நாலு வருடத்துக்கு முன்பு, வான் காய்கிறதா என்று பார்க்க வந்த நாளில், கேதீஸ்வரன் அதைப் பிடித்து அடிப்பதை அவள் வாய்பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விசையை அழுத்தினால் வரும்.

எடுத்து நீட்டி அழுத்தினாள்.

காற்று சீறியது. கறுப்புப் பூச்சு கபிலனின் முகம் முழுக்க அடித்தது. கண், மூக்கு, திறந்த வாய் எல்லாம். அவன் குருடனாகி, பிடியை விடாமல் ஸ்பேனரை விசுக்கினான். அது அவளுடைய தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவள் விடவில்லை. நெஞ்சில் அடித்தாள், ஸ்பேனர் பிடித்த கையில் அடித்தாள், அவன் பின்னால் போகப் போக முன்னால் போய் அடித்தாள். வாயால் என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. வீடியோவில் பிறகு கேட்டவர்களுக்குத்தான் தெரியும். "வான் வந்த நாளுக்கு! புகை மணி அடிச்சதுக்கு! வினுஷா பாத்துக்கொண்டு நிண்டதுக்கு!" என்று ஒவ்வொரு அழுத்துக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள்.

கபிலன் கண் தெரியாமல் இரும்பைச் சுழற்றினான். வானின் முன்விளக்கு நொறுங்கியது. மறுபடி சுழற்ற, முன்கண்ணாடி வலைபோல வெடித்தது. மூன்றாவதுக்கு அவனுடைய சப்பாத்து அந்த உப்புச் சேற்றில் வழுக்கியது. மல்லாந்து விழுந்தான். பின்மண்டை கொங்கிறீற்றில் அடிபட்டது. ஸ்பேனர் உருண்டு போனது. ரிஃபாஸ் தவழ்ந்து வந்து, மூக்கிலிருந்து இரத்தம் வடிய வடிய, அவனைக் குப்புறப் புரட்டி அவனுடைய முதுகில் ஏறி இருந்துகொண்டான். அந்த உடம்பு ஏறி இருந்தால் யார் எழும்புவது?

"காணும் பிள்ளை, இனிப் போதும்," என்றார் கேதீஸ்வரன். "காணும். துவக்கை வையுங்கோ."

வைத்தாள். இயந்திரம் இன்னும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கேதீஸ்வரன் இடது கையால் தன் போனை எடுத்துப் பொலிசுக்கும் அம்புலன்சுக்கும் அடித்தார். பிறகு, இதைத்தான் ரஞ்சினி கடைசிவரை மறக்கவில்லை, "அந்தப் பூச்சு கண்ணுக்குக் கூடாது. தண்ணியாலை கழுவி விடுங்கோ," என்று சொன்னார். கை முறிந்த மனுசன், கையை முறித்தவனின் கண்ணுக்காகச் சொன்னார்.

ரிஃபாஸ் இருந்த இடத்திலிருந்தே கைக்கு எட்டிய தண்ணீர்க் குழாயை இழுத்து எடுத்து, கபிலனின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, முகத்தில் பிடித்தான். கறுப்புத் தண்ணீர் நிலத்தில் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கண் திறந்தது. அந்தக் கண் பட்டறை முழுவதையும் தேடி, கடைசியில் ரஞ்சினியின் கையில் வந்து நின்றது. சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது.

"ரஞ்சி," என்றான். குரல் மாறிவிட்டது. அடித்து முடித்தபிறகு வருகிற குரல் அது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கன்னத்தில் ஒற்றுகிறபோது வருகிற குரல். "ரஞ்சி, அதை அழிச்சுவிடு. பிழை விட்டிட்டன். விசர் வந்திட்டுது, என்ன செய்யிறனெண்டு தெரியேல்லை. நீ அழிச்சால் நாங்கள் எப்பிடியும் கதைச்சுச் சமாளிக்கலாம். வினுஷாவை நினைச்சுப் பார். தகப்பன் மறியல் கம்பிக்குள்ளை எண்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன மரியாதை?"

தூரத்தில் சைரன் கேட்கத் தொடங்கியது.

ரஞ்சினி வீடியோவை நிறுத்தினாள். திரையில் குப்பைத் தொட்டிப் படம் வந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். இந்தக் குரலுக்கு அவள் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. குடும்ப வைத்தியரிடம் படியில் விழுந்தேன் என்று சொன்னது இந்தக் குரலுக்காக. வேலைத்தலத்தில் அலுமாரிக் கதவு பட்டது என்று சொன்னதும் இதற்காகத்தான். பெருவிரல் அந்தப் படத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது.

அவள் வினுஷாவை நினைத்துப் பார்த்தாள். அவன்தானே நினைக்கச் சொன்னான். போன அமாவாசை அன்று கராஜில் குந்தியிருந்து முடிச்சை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது, வினுஷா பின்னால் வந்து நின்று, "அம்மா, இன்னும் கொஞ்சம் கூடப் போடுங்கோ," என்று சொன்னாள். பதினொரு வயசு. எதற்கு உப்பு என்று அந்தப் பிள்ளை கேட்கவேயில்லை. கேட்காமலே தெரிந்திருக்கிறது. அன்று ரஞ்சினி ஒன்றும் யோசிக்கவில்லை, இன்னொரு பிடி போட்டாள். இப்போது யோசித்தாள்.

பொலிஸ் கார் வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஆண் நேரே கபிலனிடம் போனான். பெண் பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். முறிந்த கை, உடைந்த மூக்கு, கறுப்பில் குளித்த மனுசன், நிலத்தில் உப்பும் மிளகாயும். அவளுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. கடைசியில் ரஞ்சினியின் உதட்டைப் பார்த்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"ஒஃபிசர், இது வீட்டுப் பிரச்சினை," என்று கபிலன் ஆங்கிலத்தில் கத்தினான். "அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அவளுக்கு இங்கிலீஷ் சரியாக வராது."

நாலு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து, இங்கிலீஷில் தினமும் பத்து நோயாளர்களின் அறிக்கை எழுதுகிறவளுக்கு இங்கிலீஷ் வராதாம்!

யாராவது இதைப் பார்த்தார்களா, படம் ஏதும் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இருக்கு," என்றாள் ரஞ்சினி. போனை நீட்டினாள். அவள் பேசியது நல்ல இங்கிலீஷ், ஒரு சொல்கூடத் தடக்கவில்லை. "முதலில் இருந்து கடைசி வரைக்கும் இருக்கு. போனும் அவருடையதுதான். அவர்தான் எடுக்கச் சொன்னவர்."